குட்டிக்காலும் சாக்கெட்டும்

எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மதிய உணவுக்குப் பிறகு வரும் முதல் பாடவேளை. கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி மேசைமீது தலை சாய்த்திருந்தாள். தூக்கம் என்று நினைத்து எழுந்து நிற்கச் சொன்னேன். பாடவேளை முடியும்வரை உட்காரச் சொல்லவில்லை. மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நான்கு நாள்களும் வரவில்லை.

விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள் அவள். செயற்கைக் கால் அணிந்து நன்றாகவே நடப்பாள். சல்வார் சீருடை அதை மறைத்துவிடுவதால் ஆசிரியர்களாகிய நாங்களே பல நாள் மறந்துபோவோம். அன்றும் நான் மறந்திருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது செயற்கைக் கால் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வெட்டியதுபோக மிச்சமிருக்கும் காலை அந்த வீட்டில் 'குட்டிக்கால்' என்கிறார்கள். அதன் நுனியில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. "காலையில சரியாத்தான் இருக்கு டீச்சர். மத்தியானத்துக்கு மேல லூசாயிடுதுங்கிறா" என்றார் அவளுடைய அம்மா. எனக்கு அப்போது புரியவில்லை. மருத்துவமனையில் செயற்கை அவயவங்கள் செய்யும் பிரிவுக்கு அவர்களோடு போன பிறகுதான் அந்த ஒரு வரியில் விஷயம் முழுவதும் இருந்தது தெரிந்தது.

செயற்கைக் கால் என்றதும் நாம் பாதத்தைத்தான் பார்க்கிறோம். 'ஜெய்ப்பூர் கால்' என்று பெயர்பெற்றதும் உண்மையில் பாதம்தான். வலி வரும் இடம் அதற்கு மேலே, குட்டிக்கால் நுழைந்து உட்காரும் கிண்ணம் போன்ற பகுதி. அதைச் சாக்கெட் என்பார்கள். உடலின் எடை முழுவதும் அதன் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. ஆனால் குட்டிக்காலின் எல்லா இடமும் எடையைத் தாங்காது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தடித்த தசைநாண், கெண்டைக்கால் சதை, முன்னெலும்பின் உட்பக்க மேல்பகுதி ஆகியவை தாங்கும். முன்னெலும்பின் கூரான விளிம்பு, வெளிப்பக்கம் புடைத்திருக்கும் சிறு எலும்பின் தலை, வெட்டப்பட்ட நுனி ஆகியவை தாங்கா. தாங்கும் இடத்தில் அழுத்தி, தாங்காத இடத்தில் விலகி நிற்குமாறு சாக்கெட்டைச் செதுக்கும் முறையை 1950களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் உருவாக்கினார்கள். இன்றும் பல இடங்களில் அந்த முறை வழக்கத்தில் உள்ளது.

சாக்கெட் மாறாது, கால் மாறும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இரவில் சற்று உப்பும் குட்டிக்கால், பகலில் நடக்க நடக்க நீர் வடிந்து மெலியும். மெலிந்த கால் சாக்கெட்டுக்குள் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கிவிடும். அப்போது தசைநாண் தாங்க வேண்டிய எடை நுனியில் போய் விழுகிறது. நான் நடத்திய பாடத்தின் கணக்கே இதைச் சொல்லும். 40 கிலோ எடையுள்ள சிறுமி செயற்கைக் காலை மட்டும் ஊன்றி நிற்கும் கணத்தில் விசை சுமார் 400 நியூட்டன். அது 100 சதுர சென்டிமீட்டரில் பரவினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 நியூட்டன். 4 சதுர சென்டிமீட்டரில் மட்டும் விழுந்தால் 100 நியூட்டன், அதாவது 25 மடங்கு. கரும்பலகையில் இந்தப் பாடத்தை எழுதிவிட்டு, அதே வலியோடு அவளை நிற்க வைத்திருக்கிறேன்.

இதற்குத் தீர்வு எளியது. குட்டிக்காலுக்கென்றே மெல்லியதும் தடித்ததுமாகக் காலுறைகள் உண்டு. தளர்ந்ததும் காலைக் கழற்றி, கூடுதலாக ஒன்றைச் சுருக்கமில்லாமல் மாட்டிக்கொண்டால் போதும், ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு மறைவான இடம் வேண்டும், கேட்கத் தைரியமும் வேண்டும். வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். இப்போது மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையை ஒட்டிய சிறிய அறை அவளுக்குத் திறந்திருக்கும். வியர்வையில் நனைந்த காலுறையை மாற்றுவதும் அங்கேதான். வெயில் காலத்தில் ஈரமும் உரசலும் சேர்ந்தால் தோல் சீக்கிரம் புண்ணாகும். இரவில் காலையும் சாக்கெட்டின் உட்புறத்தையும் துடைத்து உலரவிடுவதை அவளுடைய அம்மா பார்த்துக்கொள்கிறார்.

கழற்றியதும் தோல் சிவந்திருப்பது இயல்பு. பத்து நிமிடத்தில் மறைந்தால் கவலை இல்லை. மறையாவிட்டாலோ கொப்புளம் கண்டாலோ ஆறும்வரை செயற்கைக் கால் அணியக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த நாள்களில் ஊன்றுகோலோடு வரலாம் என்று சொன்னபோதுதான், கால் போடாமல் பள்ளிக்கு வரக் கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அப்படி யாரும் சொன்னதில்லை. வரலாம் என்றும் நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

குழந்தைகளுக்கு வளர்ச்சி என்ற இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்ற வேண்டிவரும். வெட்டப்பட்ட எலும்பு தோலைவிட வேகமாக வளர்ந்து நுனியில் கூராக முட்டுவதும் உண்டு, அதற்குச் சிலசமயம் மீண்டும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். முகாமில் ஒருமுறை கால் வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நாம் பதிவேட்டை மூடிவிடுகிறோம். உயரத்தையும் எடையையும் பதியும் நாளிலேயே, கால் இறுக்குகிறதா, ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறாளா என்று கேட்டுக்கொள்ளலாம். பதில் 'ஆம்' என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்கு அன்றே சொல்லிவிட வேண்டும். அளவெடுத்துப் புதிய கால் வந்துசேர வாரங்கள் ஆகும்.

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் அவளுடைய கால் சாக்கெட்டுக்குள் முழுதாக நுழையவே இல்லை. விடுமுறையில் அணியாமல் விட்டதால் வந்த வீக்கம் பாதி, வளர்ச்சி பாதி என்றார்கள். இந்த முறை அவளே முதல் நாள் என்னிடம் வந்து, "டீச்சர், இறுக்குது" என்றாள். புதிய கால் சென்ற வாரம் கிடைத்தது. அணியும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இப்போதைக்கு முற்பகலில் செயற்கைக் காலோடும் பிற்பகலில் ஊன்றுகோலோடும் வகுப்பில் இருக்கிறாள்.