ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது எழும் ‘டக்’ ஒலி: காரணம் கண்டறியும் முறை

ஆக்சிலின் மூட்டு, ஷாக் அப்சார்பரின் மேல் தாங்கி, பால் ஜாயின்ட், டை ராட் முனை ஆகியவற்றுள் எது தேய்ந்தாலும், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஏறக்குறைய ஒரே மாதிரியான ‘டக்’ ஒலியே கேட்கும். ஆகவே ஒலியை மட்டும் நம்பாமல், அது எந்த நிலையில் எழுகிறது என்பதைக் கொண்டே பழுதைப் பிரித்தறிய வேண்டும்.

1. நின்ற நிலைச் சோதனை

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் நியூட்ரலில் ஓடும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்லத் திருப்ப, மற்றொருவர் பானட்டைத் திறந்து ஷாக் அப்சார்பரின் மேல்முனையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். அங்குள்ள பேரிங் இறுகியிருந்தால், சுருள்வில் சீராகத் திரும்பாமல் முறுகி நின்று, பின்னர் சட்டென விடுபடும். அந்த அதிர்வு கையில் தெளிவாகத் தெரியும். சுருள்வில்லின் இடையே விரலை நுழைக்கக் கூடாது.

2. ஓடும் நிலைச் சோதனை

ஆளில்லாத திறந்தவெளியில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, காரை மெதுவாக வட்டமிடச் செய்து, ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்த வேண்டும். அப்போது ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து எழும் ஒலி சக்கரத்தின் வேகத்தோடு விரைந்தால், ஆக்சிலின் வெளிப்புற மூட்டான சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது எனக் கொள்ளலாம். சக்கரம் திரும்பிய நிலையிலும் எஞ்சினின் சுழற்சியைச் சீராகக் கடத்தும் இம்மூட்டினுள், பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளுகின்றன. மேலே மூடியுள்ள ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண்ணும் நீரும் புகுந்து பள்ளங்கள் அரிபடும். சக்கரத்தின் உட்புறத்தில் சிதறிய கிரீஸ் இதற்குச் சான்று. ஒலி தொடங்கும் முன்பே கண்டுபிடித்தால் பூட்டை மாற்றிப் புது கிரீஸ் இட்டால் போதும். தொடங்கிய பின் மூட்டையே மாற்ற வேண்டும். அம்பாசிடர் போன்ற பின்சக்கர இயக்கக் கார்களின் முன்சக்கரங்களில் இம்மூட்டு இல்லையாதலால், அவற்றுக்கு இச்சோதனை தேவையில்லை.

3. சக்கரத்தை உயர்த்திச் சோதித்தல்

எஞ்சினை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் உயர்த்திய காரை ஸ்டாண்டின் மேல் அமர்த்திய பிறகே இச்சோதனையைத் தொடங்க வேண்டும். சக்கரத்தை இடவலமாகப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராட்டின் முனையை முதலில் ஐயுற வேண்டும். மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் செய்து மீண்டும் அசைக்க வேண்டும்: ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங்கும், நீடித்தால் பால் ஜாயின்ட்டும் காரணமாக இருக்கக்கூடும்.

4. போல்ட்டுகளைப் பார்த்தல்

திசை மாறும்போது ஒரே ஒருமுறை மட்டும் ஒலி எழுந்தால், சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் போல்ட்டுகளைச் சுற்றிப் புதிதாகத் தேய்ந்து மின்னும் தடம் உள்ளதா என நோக்கி, தளர்ந்தவற்றைத் தயாரிப்பாளர் கூறும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

டை ராட் முனையை மாற்றினால் வீல் அலைன்மென்ட் செய்வது கட்டாயம். பால் ஜாயின்ட்டில் ஆட்டம் உறுதியானால், அது கழன்று சக்கரம் மடங்கிவிடும் அபாயம் இருப்பதால், பழுது நீக்கும்வரை அந்தக் காரை ஓட்டவே கூடாது.