சூட்டு வலியா, பிரசவ வலியா?

களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 40 கி.மீ. இவ்வளவு தூரம் போக வேண்டிய கர்ப்பிணி, அறிகுறிகளை 36ஆம் வாரத்திலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வயிறு இறுகி, சற்று நடந்தாலோ ஒருக்களித்துப் படுத்தாலோ தணிந்துவிட்டால் அது பெரும்பாலும் சூட்டு வலி. பிரசவ வலி அப்படித் தணியாது. பலருக்கு இடுப்பில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும், விட்டுவிட்டு வரும், இடைவெளி குறையக் குறைய வலி நீளும், வலுக்கும். வீட்டுப் பெரியவர்கள் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள். அதைவிடக் கடிகாரத்தைப் பார்த்து இடைவெளியைக் குறித்துவைப்பதே நம்பகமான சோதனை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி வரட்டும் என்ற கணக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கே பொருந்தும். தொலைவில் இருப்பவர்கள் முன்னதாகவே கிளம்பலாம். இரண்டாம் பிரசவம் என்றால் இன்னும் சீக்கிரம்.

பிறப்புறுப்பிலிருந்து ரத்தம் லேசாகக் கலந்த சளி வந்தால் பிரசவம் நெருங்குகிறது. சில மணி நேரமாகலாம், சில நாளுமாகலாம்.

பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் புறப்பட வேண்டும். நீர் பச்சையாக வந்தாலோ, ரத்தப்போக்கு இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸ் இலவசம்.

கர்ப்பத்தைப் பதிந்தபோது கிடைத்த பிக்மி எண், ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் எல்லாம் ஒரே பையில் தயாராக இருக்கட்டும்.