திரையில் சுழலும் வண்ணக் கனசதுரமும் ‘வலம்’ என்னும் சொல்லும்

முன்னுரை

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரைச் சேர்ந்த எர்னோ ரூபிக் 1974ஆம் ஆண்டு உருவாக்கிய வண்ணக் கனசதுரம், 1980இல் உலகச் சந்தைக்கு வந்தது. இன்று அதனைக் கையில் எடுக்காமலே கணினித் திரையில் திருப்பிப் பழகுவதற்குரிய உருவகப்படுத்தல் நிரல்கள் பல உள்ளன. அவற்றைத் தமிழில் விளக்க முற்படுவோர்க்கு முதல் தடையாக அமைவது கணிதம் அன்று. திசையைக் குறிக்கும் சொல்லே ஆகும். (இலக்கணத்தார் கூறும் திசைச்சொல் வேறு, இங்குக் கருதப்படுவன இடம், வலம், மேல், கீழ் முதலியன.) அத்தடையின் இயல்பையும், அதனை நீக்கத் தமிழ் வழக்கு ஒன்று துணைபுரியுமாற்றையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

நிரலின் இயல்பு

கனசதுரத்தின் வெளியில் தெரியும் துண்டுகள் 26. அவற்றுள் மூலைத் துண்டுகள் 8, விளிம்புத் துண்டுகள் 12, நடுத் துண்டுகள் 6. நடுத் துண்டு தன் இடத்திலேயே சுழலுமேயன்றி இடம்பெயராது. எனவே ஒரு முகம் எந்நிறத்திற்கு உரியது என்பதை அதுவே முடிவு செய்கின்றது. நிரலைப் பொறுத்தவரை கனசதுரம் என்பது 54 வண்ணக் கட்டங்களின் பட்டியல் எனலாம். ஒரு முகத்தைக் கால் சுற்றுத் திருப்பினால், அம்முகத்தில் 8, அதனைச் சூழ்ந்த பக்கங்களில் 12 என 20 கட்டங்கள் இடம் மாறுகின்றன.

இவ்வாறு அமையக்கூடிய நிலைகள் 43,252,003,274,489,856,000. அரைச் சுற்றையும் ஒரு திருப்பமாகக் கொண்டால், இவற்றுள் எதனையும் 20 திருப்பங்களுக்குள் சீர்செய்யலாம் என்பது 2010இல் கணினிகளின் துணையால் மெய்ப்பிக்கப்பட்டது. கற்போர்க்கு இவ்வெண்களைவிடப் பயன்படுவது நிரலில் உள்ள ‘பின்செல்’ வசதியாகும். கையில் உள்ள பொருளில் ஒரு திருப்பம் பிழைத்தால், பிழைத்த இடம் எது என்றே தெரியாமற் போகும். நிரலிலோ ஒவ்வொரு திருப்பமும் பதிவாகி இருத்தலின், பிழை நேர்ந்த இடத்திற்கே மீண்டு செல்ல இயலும்.

கடிகாரம் காட்டாத முகங்கள்

லண்டனில் கணிதம் கற்பித்த டேவிட் சிங்மாஸ்டர் ஆறு முகங்களுக்கும் ஆங்கில முதலெழுத்துகளைக் குறியீடாக்கினார். எழுத்து மட்டும் வந்தால் அம்முகத்தைக் கடிகார முள் செல்லும் திசையில் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். எழுத்தை அடுத்துச் சிறு கோடு இருந்தால் எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். பல நிரல்களின் விசைப்பலகைக் கட்டளைகளும் இதனையே பின்பற்றுகின்றன.

திரையில் ஒரு நேரத்தில் மேல், முன், வலம் ஆகிய மூன்று முகங்களே தெரிகின்றன. வல முகத்தைக் கடிகாரத் திசையில் திருப்பினால், முன்முகத்தின் வலப்பத்தி மேல்நோக்கிச் செல்லும். இட முகத்தை அதே கடிகாரத் திசையில் திருப்பினால், முன்முகத்தின் இடப்பத்தி கீழ்நோக்கி இறங்கும். மேல் முகத்தின் திருப்பத்தில் முன்முகத்தின் மேல்வரி இடப்புறம் நகரும். கீழ் முகத்தின் திருப்பத்தில் கீழ்வரி வலப்புறம் நகரும். கட்டளை ஒன்றே, காட்சியோ எதிரெதிர். ‘கடிகாரத் திசை’ என்பது அந்தந்த முகத்தை நேரே நோக்குவார்க்கு மட்டும் பொருந்துவது; திரையின் முன் அமர்ந்திருப்பவரோ இட முகத்தையும் கீழ் முகத்தையும் நோக்கவே இல்லை. இவ்வாய்வாளர் பழகத் தொடங்கிய நாள்களில் இட முகத் திருப்பத்தில் மீண்டும் மீண்டும் பிழைத்தமைக்கும், நிரலே பழுதுடையது என ஐயுற்றமைக்கும் இதுவே காரணம்.

வலம் வருதல்

தமிழ்வழி அறிவியல் பாடநூல்களில் ‘வலஞ்சுழி’, ‘இடஞ்சுழி’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. இவற்றை ஆங்கிலச் சொற்களின் பெயர்ப்பாக மட்டும் கொண்டால் மேற்கண்ட குழப்பம் தீராது. கோயிலை வலம் வருதல் என்னும் வழக்கை இங்கு நினைதல் வேண்டும். வலம் வருவார் கருவறையைத் தம் வலக்கைப் பக்கம் இருத்திச் சுற்றுகின்றார். அங்குத் திசையை வரையறுப்பது எங்கிருந்தோ நோக்கும் கண் அன்று. நடப்பவரின் உடலே ஆகும்.

இவ்வரையறையைக் கனசதுரத்திற்குப் பொருத்தலாம். திருப்ப வேண்டிய முகத்தின்மீது, கால் அம்முகத்திலும் தலை வெளிப்புறமும் இருக்குமாறு ஒருவர் நிற்பதாகக் கொள்க. அவர் இடம்பெயராத நடுத் துண்டைத் தம் வலக்கைப் பக்கம் வைத்து நடந்தால், அவர் செல்லும் திசையே வலஞ்சுழி. கீழ் முகத்தில் அவர் தலைகீழாகத் தொங்குவார்; நடுத் துண்டை வலக்கையில் கொண்டு முன்விளிம்பில் நடக்கும் அவர், நம் பார்வைக்கு வலப்புறமாகவே செல்வார். இது மேலே கூறிய கீழ்வரியின் நகர்வோடு ஒத்துள்ளது. ஆறு முகங்களுக்கும் இவ்வொரு விதியே போதும். திரையின் கோணத்தைக் கருதவேண்டியதில்லை.

பெயரீட்டுச் சிக்கல்

ஆயினும் இதில் ஒரு குறையும் உண்டு. முகத்தின் பெயரும் ‘வலம்’, சுழற்சியின் பெயரும் ‘வலம்’ என்றாகும்போது, ‘வல முக இடஞ்சுழி’, ‘இட முக வலஞ்சுழி’ என்னும் தொடர்கள் கற்பவரை மயக்கும். எனவே குறியீட்டில் வலஞ்சுழியை அடைமொழியின்றி முகப்பெயராலேயே குறித்து, எதிர்த்திருப்பத்தை ‘மீள்’ என்று சுட்டலாம். இட, வல, மேல், கீழ், முன், பின் என்னும் ஆறனோடு ‘மீள்’ ஒன்று சேர, ஏழு சொற்களில் எல்லாக் கால் சுற்றுத் திருப்பங்களும் அடங்கும்.

சான்றாக, சீரான கனசதுரத்தில் ‘வல, மேல், வல-மீள், மேல்-மீள்’ என்னும் தொடரை நிரலில் இயக்கிப் பார்க்கலாம். ஒருமுறை இயக்கினால் விளிம்புத் துண்டுகள் மூன்றும் மூலைத் துண்டுகள் நான்கும் குலைகின்றன. மூன்றாம் முறையின் முடிவில் விளிம்புகள் அனைத்தும் தம் இடம் சேர்கின்றன. நான்கு மூலைகள் மட்டும் இரண்டிரண்டாக இடம் மாறி நிற்கின்றன. ஆறாம் முறையில் யாவும் சீராகின்றன. இடையில் ஒரு ‘மீள்’ பிறழ்ந்தால் ஆறாம் முறையில் சீர் அமையாது. ஆகவே கற்பவர் தம் புரிதலைத் தாமே சோதித்தறிய இத்தொடர் பயன்படும்.

சுட்டியால் கனசதுரத்தை முழுவதுமாகத் திருப்பும்போது வேறொரு வினா எழுகின்றது. வெள்ளை மேலும், பச்சை முன்னும், சிவப்பு வலமுமாக இருந்ததைத் திருப்பிச் சிவப்பை முன்னுக்குக் கொணர்ந்தால், வலப்புறம் நீலம் வந்துவிடும். இப்போது ‘வல’ என்பது சிவப்பு முகத்தையா, நீல முகத்தையா குறிக்கும்? கட்டளையை நோக்குவாரின் பக்கத்தோடு பிணைப்பதும் நடுத் துண்டின் நிறத்தோடு பிணைப்பதும் இருவேறு ஏற்பாடுகள். தமிழில் வழிகாட்டி எழுதுவோர் தாம் கொண்ட ஏற்பாடு எது என்பதை முதல் பத்தியிலேயே கூறிவிடுதல் வேண்டும். நிறத்தோடு பிணைத்ததாயின் ‘வல’ என்பதை விடுத்துச் ‘சிவப்பு’, ‘சிவப்பு-மீள்’ என்றே எழுதலாம்.