அண்ணாச்சிக்கு எந்த பிரேம்வொர்க்?

டிப்ளமோ முடிக்குமுன்னே நம்மில் பலர் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறோம். எந்த பிரேம்வொர்க்கை எடுப்பது என்பதில் நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன்.

எல்லா சைட்டுக்கும் பொதுவாகத் தேவைப்படும் லாகின், டேட்டாபேஸ் இணைப்பு, படிவச் சரிபார்ப்பு போன்றவற்றை முன்கூட்டியே செய்து வைத்த கட்டுமானமே பிரேம்வொர்க் எனப்படும். தறி தயாராக இருந்தால் பாவு ஏற்றி நெய்ய வேண்டியதுதானே, அது மாதிரி.

செண்பகத்தோப்பு அடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிக்குச் செய்ததே என் முதல் சைட். அப்போது எனக்கு ரியாக்ட் மோகம். (2013-இல் பேஸ்புக் வெளியிட்டது. கறாராகச் சொன்னால் அது லைப்ரரிதான்.) பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் சப்பட்டை மாம்பழ விலையை புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டேன். தினமும் காலையில் போன்: "தம்பி, இன்னிக்கு விலைய மாத்திருப்பா." போர்டு எக்ஸாம் அன்று போனை அணைத்துவிட்டேன். பழைய விலையைப் பார்த்து வந்த ஒருவர் தோப்பில் நின்று சண்டை போட்டாராம். போதாக்குறைக்கு அடிவாரத்தில் சிக்னல் குறைவு. ஜாவாஸ்கிரிப்ட் இறங்கும்வரை வெறும் வெள்ளைத் திரைதான்.

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கேட்டது ஒன்றுதான்: "கூலி வாங்கிட்டியே, அவருக்கு வேலை ஆச்சா?"

பணம் கேட்காமல் திரும்பச் செய்ய உட்கார்ந்தேன். ஜாங்கோ பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலம் லாரன்ஸ் ஊரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005-இல் வெளியானது. புரோகிராம் தெரியாத நிருபர்களும் செய்தி ஏற்ற வேண்டுமே! அதனால் நாம் டேபிளை வரையறுத்துப் பதிவு செய்தால் போதும், அதை நிரப்பும் அட்மின் பக்கம் தானாகவே வந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் ஜாங்கோவுக்குப் பைத்தான் வேண்டும்; அண்ணாச்சி ஏற்கெனவே பணம் கட்டியிருந்த மலிவு ஹோஸ்டிங்கில் பிஹெச்பிதான் ஓடும். பிஹெச்பியில் லாரவெல் (2011) உண்டு. ஆர்டர், இருப்புக் கணக்கு எல்லாம் கேட்டால் அதுதான் சரி. இவருக்கோ நாலு படம், விலை, போன் நம்பர்.

கடைசியில் 2003-இல் வந்த வேர்ட்பிரஸ்ஸையே போட்டேன். "இதெல்லாம் ஒரு புரோகிராமாடா?" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். சர்வரிலிருந்தே எழுத்து வந்துவிடுவதால் வெள்ளைத் திரை இல்லை. அப்டேட் மட்டும் விடாமல் செய்ய வேண்டும். கண்ட பிளக்-இன்னையும் ஏற்றினால் திருடன் நுழைய அதுவே வழி.

இப்போது யார் சைட் கேட்டாலும் "விலைய யாருங்க மாத்துவீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

போன சீசனில் அண்ணாச்சி மரத்தடியில் நின்றபடியே தன் போனில் விலையை மாற்றிக்கொண்டார். விலைக்காக ஒருநாளும் என்னைக் கூப்பிடவில்லை. பழம் எடுத்துட்டுப் போகச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டார்.