வீணை நரம்பு உணர்த்தும் பாடம்

ஓய்வறியா உழைப்பால் வரும் உளச்சோர்வுக்குப் பௌத்தம் கூறும் மருந்து யாது? சோணர் வரலாறு விடை தருகிறது.

செல்வக் குடியில் பிறந்து துறவு பூண்ட சோணர், இராசகிருகத்துச் சீதவனத்தில் உள்ளங்கால் குருதி கசியுமளவும் நடந்து தியானித்தார். பயன் கிட்டாமையால் இல்லம் திரும்ப எண்ணினார்.

புத்தர் அவரை அணுகி, முன்னர் அவர் வாசித்த வீணையைப் பற்றி வினவினார். நரம்பு மிக இறுகினும் மிகத் தளரினும் இசை பிறவாது எனச் சோணர் விடையளித்தார். முயற்சியும் அத்தகையதே, மிகுந்தால் மனம் அலைபாயும், குறைந்தால் மடி சூழும் எனப் புத்தர் தெளிவித்தார். சோணர் முயற்சியைக் கைவிடாது சமன் செய்து, அருகத நிலை எய்தினார்.

ஆசிரியர் ஒன்று கருதுக: புத்தர் சோர்ந்தவரைக் கடிந்திலர், விடையை அவர் வாயினின்றே வருவித்தார்.

நம் நரம்பு இன்று எந்நிலையில் உள்ளது? நாள்தோறும் வினவுவோமாக.