எழுத்தோடு போராடும் இளந்தளிர்கள்

வாயால் சொன்ன கதையைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லும் சிறுவன், அதே கதையைப் புத்தகத்தில் படிக்கச் சொன்னால் திணறுகிறான். உடனே ‘மக்கு’ என்றும் ‘சோம்பேறி’ என்றும் பட்டம் சூட்டிவிடுகிறோம். இது முறையா?

1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் வல்லவனான அவனால் எளிய சொற்களைக்கூடப் படிக்க இயலவில்லை. கண்பார்வையிலும் குறையில்லை. இதுவே இன்று ‘டிஸ்லெக்சியா’ எனப்படுகிறது. எழுத்தையும் ஒலியையும் இணைத்துக்கொள்வதில் உண்டாகும் இடர்ப்பாடே இது. அறிவுக் குறைவு அன்று.

தமிழ் பயிலும் குழந்தைக்கு இடர் எங்கே நேர்கிறது? ‘ண’கரத்துக்கும் ‘ன’கரத்துக்கும் சுழி ஒன்றே வேறுபாடு. ல, ள, ழ மூன்றும் பேச்சில் மயங்குகின்றன. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வருகிறது. ‘கொடி’யில் குறிகள் ககரத்தின் இருபுறமும் நிற்கின்றன. 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றை ஒரே ஒழுங்கில் கொண்டுவந்து சுமையைச் சிறிது குறைத்தது. எஞ்சியதைக் கற்பிக்கும் முறையே குறைக்க வேண்டும்.

அதற்குரிய வழிகள் எளியவை:

1. எழுத்துக்கு முன் ஒலி. ‘படம்’, ‘பல்’, ‘பசு’ ஆகியவற்றின் முதல் ஒலி எது என்று காதால் பிரித்தறியப் பழக்குக.

2. மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியை உரக்கச் சொல்லச் செய்க. திண்ணைப் பள்ளிகளின் இப்பழக்கத்தில் கண், காது, கை மூன்றும் ஒருங்கே பயில்கின்றன.

3. மயங்கும் எழுத்துகளை ஒரே நாளில் கற்பிக்காதீர். ஒன்று படிந்தபின் மற்றொன்று.

4. நாள்தோறும் சிறிது நேரம். பிறர் முன் உரக்கப் படிக்கும்படி வற்புறுத்துதல் கூடாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுள்ளது. அரசுத் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளும் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்புச் சலுகை, மூன்றாம் வகுப்பிலேயே பள்ளியை வெறுத்தவனுக்கு எப்படிப் பயன்படும்? எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் உள்ள வீட்டில் இக்குறையைக் கண்டறிவாரும் இல்லை. ‘படிப்பு ஏறவில்லை’ என்ற ஒரு சொல்லோடு அக்குழந்தை வேலைக்குப் போய்விடுகிறது.

ஆகவே, முதல் இரண்டு வகுப்புகளிலேயே உதவி கிட்ட வேண்டும். கல்லூரி வரை வந்துவிட்ட நாம் மாலையில் அரைமணி நேரம் அண்டை வீட்டுப் பிள்ளையோடு அமர்ந்தால் போதும். அதற்குப் பட்டம் வேண்டாம். ஒரு தட்டு மணலும் பொறுமையும் வேண்டும்.