கடுக்காய்க் கறுப்புக்கு எலுமிச்சை ஆகாது

1. கடைக்காரர் ‘கலம்காரி’ என்றதும் பணத்தை நீட்டிவிடாதீர்கள். காளஹஸ்தியிலும், 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கருப்பூரிலும் எழுதுகோலால் வரைவார்கள். மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் தேக்குக் கட்டையில் செதுக்கிய அச்சால் ஒற்றுவார்கள். மெஷின் பிரிண்டும் அதே பெயரில்தான் ஆவடி, பூந்தமல்லி கடைகளில் தொங்குகிறது. கை அச்சில், ஒரு பூவும் அடுத்த பூவும் சேரும் இடத்தில் மயிரிழை விலகியிருக்கும்.

2. கறுப்பில் சந்தேகமா? ஓரத்தில் கறுப்பேறிய நூல் ஒன்றைக் கத்தரித்து எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். இரும்பும் கடுக்காயும் சேர்ந்து வந்த கறுப்பு என்றால் வெளுத்துப் பழுப்பாகும்.

3. ஆகவே, சேலையில் ரசம் சிந்தினால் எலுமிச்சை தேய்க்கக் கூடாது. என் நாத்தனார் தேய்த்தார். கறை போனது, கூடவே கரையில் இரண்டு மயிலும் போயின.

4. சோப்புத்தூள் வேண்டாம். மஞ்சள் சாயம் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது குங்குமம் செய்யத் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நீர் போதும்.

5. போர் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஓர் இரவு வையுங்கள். அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் அதில் இரும்பு இருக்கிறது. கடுக்காய் ஏறிய துணி அதில் சாம்பல் பூக்கும். அன்று லாரித் தண்ணீரோ மழைநீரோதான்.

6. கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். நிற்காது. சாயத்தைப் பிடித்து வைப்பது படிகாரம். அதுவும் சாயம் ஏற்றும்போதே சேர்ந்திருக்க வேண்டும்.

7. நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி உலர்த்தவும்.

8. வீட்டிலேயே கறுப்பு அச்சு போட ஆசையா? அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறையில் கேட்டால் இரும்புச் சுருள் ஒரு பிடி கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, ஈரத்தோடு வெயிலில் போட்டுத் துருப்பிடிக்க விடுங்கள். மண்பானையில் ஒரு லிட்டர் தண்ணீர், எலுமிச்சை அளவு வெல்லம், இந்தத் துரு. இருபது நாள் ஊறட்டும். நுரைத்துப் பொங்கும், நாறவும் செய்யும்; இறுக மூடாமல் துணி கட்டி மொட்டைமாடியில் வையுங்கள். வடிகட்டிப் புளியங்கொட்டை மாவு போட்டுக் காய்ச்சினால் கூழாகும்.

9. நூறு கிராம் எடையுள்ள பருத்தித் துணிக்கு இருபது கிராம் கடுக்காய்த் தோல் பொடி. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பொடியைக் கரைத்த நீரில் ஊறிக் காய்ந்த துணி வெளிர்மஞ்சளாக இருக்கும். நாலைந்தாக மடித்த கோணியின் மேல் அதை விரித்து, கூழில் தொட்ட அச்சை ஒற்றுங்கள். வைக்கும்போது அழுக்குத் தண்ணீர் நிறம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வரும். அச்சுக் கட்டை இல்லையென்றால் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்குங்கள். ஐந்து இதழ்ப் பூ தயார்.

10. விரலெல்லாம் கறுப்பாகிவிட்டதா? இப்போது எலுமிச்சை மூடியை எடுங்கள்.